அண்ணா விட்டுக்கொடுத்த மோட்டார் சைக்கிள்

எங்கள் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்பே அதன் பெயரால் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருவர் அப்பா. மற்றவன் அண்ணா. விடியப்புறம் ஒரே படகில் கடலுக்குப் போவார்கள், ஒரே வலையைச் சேர்ந்து இழுப்பார்கள், கரையேறி முகம் கழுவியதும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. தலைமன்னாரில் அந்த வருடம் நண்டு நன்றாகப் பட்டிருந்தது. நண்டைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடவும் ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒன்றாகத்தான் இருந்தோம். எந்த மோட்டார் சைக்கிள் என்பதில்தான் வில்லங்கம்.

மன்னார் ரவுனில் இருந்த கடையில் அவர்கள் கேட்ட இரண்டு பைக்குகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் ஒரே சிவப்பு. ஒன்று காபரேட்டர் உள்ளது, மற்றது இன்ஜெக்ஷன் என்றார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காபரேட்டர் என்பது பெற்றோலையும் காற்றையும் குத்துமதிப்பாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும், மற்றதில் ஒரு சின்னக் கொம்பியூட்டர் அளவு பார்த்துப் பெற்றோலை ஊசியால் அடிக்கும் என்று அண்ணா சொல்லித்தந்தான். எங்கள் வீட்டில் ஊசி போடுகிற பைக் வாங்கப்போகிறோம் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அப்பாவுக்கு அந்தக் கொம்பியூட்டரைப் பிடிக்கவில்லை.

"காபரேட்டர் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவன். படகு எஞ்சினில நான் கழட்டாததா? உந்த வயருகளில உப்புக்காத்துப் பிடிச்சால் ஆரைக் கூப்பிடுறது?"

"விடிய விடியச் சோக்கை இழுத்து உதைச்சுக்கொண்டு நிக்க என்னால ஏலாது அப்பா. இது சுவிச்சை ஒரு அமத்து அமத்தினால் ஸ்டார்ட் ஆகும். பெற்றோலும் மிச்சம்."

"பற்றரி செத்தால்?"

"வாங்க முதலே ஏன் சாகிற கதை கதைக்கிறியள்?"

"ரெண்டுபேரும் சாப்பிட்டிட்டுக் கதையுங்கோ," என்பார் அம்மா. "வாங்காத பைக் எங்கையும் ஓடிப்போகாது."

நான் அண்ணாவின் பக்கம். கால் எட்டியதும் எனக்கும் ஓட்டப் பழக்குவதாக அவன் சொல்லியிருந்தான். சோக் இழுத்து, கிக்கரை உதைத்து ஸ்டார்ட் பண்ணுவது எனக்கு ஏலாது, ஒரு அமத்தென்றால் ஏலும். அவ்வளவுதான் என் நியாயம். தவக்காலம் முழுக்க இந்தச் சண்டை நடந்தது. சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில்கூட அப்பா முன்னாலும் அண்ணா பின்னாலும் அதையே கதைத்துக்கொண்டு போனார்கள். அவன் அவ்வளவு விடாப்பிடியாக எதற்கும் நின்று நான் பார்த்ததில்லை. பத்து வருடம் கழித்தும் அது எப்படி ஓடும், அப்போது ஆர் எஞ்சினைப் பிரிப்பது என்றெல்லாம் கணக்குச் சொல்வான்.

பிறகு ஒருநாள் காலை படகு வெறுமையாக வந்தது. எல்லை தாண்டி வந்த இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்து இழுத்துக்கொண்டு போயிருந்தன. அண்ணா மிஞ்சிய துண்டுகளைத் தோளில் சுமந்து வந்து முற்றத்தில் போட்டான். அதற்கு முந்திய வருடமும் இப்படி நடந்ததுதான். "பொத்திக் கட்டலாம்" என்றார் அப்பா. அண்ணா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று பகல் முழுவதும் அவன் சாப்பிடவில்லை.

சில நாள் கழித்து ஒரு மாலையில், எல்லாரும் சாப்பிட இருந்தபோது சொன்னான்:

"அப்பா, நீங்கள் சொன்னதையே எடுப்பம். அது விலையும் குறைவு. மிச்சத்துக்கு வலை வாங்குங்கோ."

அப்பா எதிர்பார்க்கவில்லை. வென்றவர்போலத் தெரியக்கூடாது என்று முகத்தை இறுக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் சோற்றை இரண்டாந்தரம் கேட்டு வாங்கினார். அம்மா சிரித்தார். நான் மட்டும் அண்ணாவோடு கோபித்துக்கொண்டேன். இத்தனை நாள் சண்டை பிடித்துவிட்டு இப்படியா தோற்பது?

காபரேட்டர் பைக் வீட்டுக்கு வந்தது. பங்குச் சுவாமியார் வந்து அதற்குத் தீர்த்தம் தெளித்தார். அதன்பிறகு அண்ணா செய்த காரியம் எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு ஓட்டப் பழக்கினான். அம்மா வெட்கப்பட்டார், வேலியில் ஒருதரம் முட்டினார், ஆனாலும் அவன் விடவில்லை. என்னைப் பக்கத்தில் இருத்தி, பெற்றோல் வரும் குழாயை எப்படிப் பூட்டுவது, காபரேட்டரின் அடியில் இருக்கும் ஆணியைத் தளர்த்தி எப்படிப் பெற்றோலை வடிப்பது என்று காட்டினான்.

"கனநாள் ஓடாமல் நிண்டால் உள்ளுக்க பெற்றோல் காஞ்சு பிசின் மாதிரிப் பிடிச்சிடும். வடிச்சு விடோணும்."

"ஏன் கனநாள் நிக்கோணும்? நீ ஒவ்வொருநாளும் ஓடுவாய்தானே?"

"மாரிக்குச் சொன்னனான்," என்றான்.

மாரி வருவதற்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை.

நீர்கொழும்பில் பெரிய படகொன்றில் வேலை கிடைத்திருக்கிறது, கொஞ்சக் காலம் போய்வருகிறேன் என்று சொல்லித்தான் அவன் புறப்பட்டான். அப்பா அவனைப் புது பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார். சோக்கை இழுத்து ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணி, "பாத்தியா?" என்று திரும்பிக் கேட்டார். "ஓம் அப்பா," என்றான் அண்ணா. அப்பாவின் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று நான் சிரித்தேன்.

முதலில் இரண்டொரு தடவை தொலைபேசியில் பேசினான். பிறகு பேச்சில்லை. பக்கத்து ஊர்ப் பேசாலையில் இருந்து ஒரு மனிதர் வந்து, தன் மகனும் அண்ணாவும் வேறு பலரும் ஒரு படகில் ஏறி வெகுதூரத்தில் ஏதோ ஒரு பிரெஞ்சுத் தீவுக்குப் புறப்பட்டதாகச் சொன்னார். அந்தப் படகு அங்கே போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. அப்பாவும் அந்த மனிதரும் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அவன் திரும்பி வரவேண்டுமென்று அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். அது இன்னமும் நிறைவேற்றப்படாமல் இருக்கிறது.

அப்பா இப்போது கடலுக்குப் போவது குறைவு. யாராவது அண்ணாவைப் பற்றிக் கேட்டால் ஒன்றையேதான் சொல்வார்: "அவன் கேட்ட பைக்கை வாங்கிக் குடுத்திருந்தால் நிண்டிருப்பான்." அம்மா மறுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் நினைப்பது பிழை என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், பிடித்துக்கொண்டிருக்க அவருக்கு அந்தக் காரணமும் இல்லாமல் போய்விடும்.

அந்த மாலையில் அண்ணா தோற்றுப்போனான் என்றுதான் நான் நினைத்தேன். விடியற்காலைகளில் உதைத்துக்கொண்டு நிற்க ஏலாது என்று அப்பாவோடு மல்லுக்கட்டிய நாட்களில், இனி வரும் விடியல்களையெல்லாம் எங்களோடுதான் கழிக்கப்போவதாக அவன் நம்பியிருந்தான். அதனால்தான் அப்படிச் சண்டை பிடித்தான். நீங்கள் சொன்னதையே எடுப்பம் என்று அவன் சொன்னபோது, போவதென்று முடிவெடுத்துவிட்டிருந்தான். பத்து வயதில் அது எனக்கு விளங்கவில்லை. நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன், அம்மா சிரித்துக்கொண்டிருந்தார், அப்பா இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்.