முகத்துவாரத்தில் மூன்று மணி

கடல் எப்போது தண்ணீரை வெளியே இழுக்கும் என்பதுதான் மாமா என்னிடம் கேட்ட கேள்வி. அது எப்போது திரும்பி உள்ளே வரும் என்று அவர் கேட்கவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதத்து மாலை அது. எங்கள் திருவேற்காட்டு வீட்டின் குழாயடியில் நின்று, விரல்களில் ஒட்டிய பிசினைத் தின்னர் ஊற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். நாள் கிழமைகளை மறக்காதவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. ஆனால் அந்த மாசி மறக்காததற்குக் காரணம் வேறு. மஞ்சள் காமாலையில் அக்கா போய் அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

மாமா அக்காவின் கணவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபைபர் அச்சு வார்க்கும் பட்டறையில் மேஸ்திரி. கடற்கரை விடுதி ஒன்று கயாக் சில செய்யச் சொல்லியிருந்தது. ஓர் ஆள் கால் நீட்டி உட்கார்ந்து, இருபக்கமும் அகலமான துடுப்பால் தள்ளிக்கொண்டு போகும் ஒடிசலான படகு. கோணிப்போனதென்று ஒதுக்கிய ஒன்று பட்டறைக்குப் பின்னால் முள்செடிக்குள் கிடந்தது. அக்கா போன பிறகு மாமா அதை எடுத்துச் சரிசெய்து, மீன்பாடி வண்டியில் ஏற்றி அம்பத்தூர் ஏரிக்குக் கொண்டுபோனார். பட்டறை ஆட்கள் முதலில் கேலி பேசினார்கள். மாமா நடு ஏரிக்குப் போய், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டார்கள்.

கடலுக்குப் போகப் போகிறார் என்று தெரிந்ததும் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஏரின்னா கரை தெரியும். கடலு அப்டியா? அவுரு திரும்பி வர்ற மாதிரி கேக்கல நைனா. தனியா உடாத." நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லத்தான் துணிவில்லை.

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். பழைய புத்தகக் கடையில் கப்பலோட்டம் பற்றி ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. துறைமுகத்தில் கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையை நண்பர் ஒருவர் நகலெடுத்துத் தந்தார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெருக்கும், அஷ்டமியையொட்டி அடங்கும். நம் கரையில் அமாவாசையன்று காலை எட்டரை, ஒன்பது வாக்கில் ஏறி முடிந்து, பிற்பகல் மூன்று வரை வற்றும். மறுநாள் எல்லாம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். இது போதாதென்று கரையோரமாக ஓர் ஓட்டம் வேறு. கோடையில் வடக்கே போகும், ஐப்பசிக்குப் பிறகு தெற்கே திரும்பும். துடுப்பை நிறுத்தினால் எந்தப் பக்கம் அடித்துப் போவார் என்பதை நான் தெரிந்துகொண்டாக வேண்டும். தூக்கம் வராத வீட்டில் படிப்பது எளிதாகவே இருந்தது.

சில ஞாயிறுகளில் எண்ணூரில் முகத்துவாரத்துக்கு உள்ளே, கடல்நீர் வந்துபோகும் கழிவெளியில் மட்டும் போய்வந்தார். சித்திரை அமாவாசையன்று வெளியே போவதென்று முடிவாயிற்று. பட்டறை டெம்போவில் படகை ஏற்றிக்கொண்டு போனோம். படகில் உட்கார்ந்ததும் அவர் கேட்காததை நானே சொன்னேன். "மாமா, மூணு மணிக்குத் தண்ணி திரும்பும். அப்ப உள்ள வந்துடுங்க." தலையாட்டினார் என்றுதான் நினைக்கிறேன். பத்து மணி போல் தண்ணீர் அவரை முகத்துவாரத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் படகு அலைகளுக்கு நடுவே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

தெற்குக் கரை மணலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி ஆனது. கடல் பக்கம் அலை ஏறிவந்து என் காலடித் தடங்களை அழிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் முகத்துவாரத்தில் ஒரு தென்னை மட்டை இன்னும் வெளியேதான் மிதந்து போனது. அப்போதுதான் உறைத்தது. கடல் ஏற ஆரம்பித்துவிட்டாலும், அந்தக் குறுகிய வாய் வழியாகக் கழிவெளி இன்னும் வடிந்து முடியவில்லை. நான் பார்த்தது துறைமுகத்து மூன்று மணி. இங்கே நீர் திரும்ப வெகுநேரம் இருந்தது. கடற்காற்று உள்ளே தள்ள, தண்ணீர் வெளியே இழுக்க, வாயில் அலை குத்துக்குத்தாக எழுந்து நின்றது.

அதற்கு நடுவில் மாமாவைக் கண்டேன். முகம் கரையைப் பார்த்திருந்தது. துடுப்பை மாற்றி மாற்றி வலிக்கிறார், படகு இருந்த இடத்திலேயே நிற்கிறது. சிறிது ஓய்ந்தால் பின்னுக்குப் போகிறது, மறுபடி வலிக்கிறார். பயந்துபோய் நீர் விளிம்புக்கு ஓடினேன். கூடவே, சொன்னால் தவறாகப் படும், ஒரு நிம்மதியும் வந்தது. நான் கணக்கிட்டபடி தண்ணீர் திரும்பியிருந்தால், வந்தது அவரா, தண்ணீர் கொண்டுவந்ததா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. அந்த மனிதர் வர விரும்பினார். உடம்பு முழுவதையும் கொடுத்து விரும்பினார்.

சட்டையைக் கழற்றி, வாயை விட்டு விலகித் தெற்கு மணலுக்கு வரும்படி வீசினேன். வெகுநேரம் கழித்தே பார்த்தார். இழுப்பிலிருந்து ஒதுங்கி, அலையோடு வந்து, கரையில் குப்புறக் கவிழ்ந்தார். இழுத்துப் போட்டேன். உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "மூணு மணின்னியே மச்சான், எந்த ஊரு மூணு மணிடா அது?" இருவரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவர் அழுதார். அக்கா போன பிறகு அன்றுதான் அழுதார்.

அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அவருடைய அண்ணன் பார்த்துவைத்த பெண்ணைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போனார். போகலாமா என்று எங்களைக் கேட்டுவிட்டுத்தான் போனார். அம்மாவே போகச் சொன்னாள். முதலில் மாதம் ஒரு கடிதம், பிறகு பொங்கலுக்கு ஒன்று, பிறகு அதுவும் நின்றது. அம்மாவும் இறந்தபின் அவளுக்கும் அக்காவுக்கும் அமாவாசைக்கு இலை போட நான் ஒருவன்தான்.

சில வருடங்களுக்கு முன், ஓசூரில் பிறந்த அவர் மகளின் திருமணத்துக்கு அழைப்பு வந்தது. போனேன். மாமா நரைத்து, கனத்து, நன்றாக இருந்தார். மணமகன் வீட்டார் ஒருவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். மாமா ஒரு நொடி தயங்கினார். மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நம்ம சிநேகிதரு, மெட்ராஸ்ல இருந்து வந்துகீறாரு" என்றார். பிறகு என் கையை அழுத்தி, சாப்பிடாமல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, வந்துகொண்டிருந்தவர்களை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

பந்தியில் என் இருபக்கமும் தெரியாதவர்கள். பாயசம் நன்றாக இருந்தது, இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.