படிவத்தில் இல்லாத ஒரு வரி

சாலைக் கடைத்தெருவில், மல்லியும் மிளகாயும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கடைக்குள், இடுப்பில் குழந்தையோடு நின்று அந்த அக்கா கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. "ஏ பிள்ள, இம்புட்டும் வாசிச்சிட்ட. இதுக்கு யாரு துட்டு தாறா?"

குழந்தைகளுக்கான சத்துமாவைப் பற்றிய ஆராய்ச்சி அது. மலையாளம் பேசும் அந்த ஊரில், தமிழ்த் தாய்மாருக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது என் ஒப்பந்த வேலை. ஆராய்ச்சி நடத்திய நிறுவனம் அரசுடையது, பணமும் அரசுடையதாகத்தான் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு, "சர்க்கார்தான் அக்கா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நகலெடுத்தபோது தெரிந்தது, அந்த மாவைத் தயாரிக்கும் கம்பெனிதான் முழுச் செலவையும் ஏற்றிருந்தது. மாவில் குறை இருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னது பொய். வீட்டில் எனக்கும் எட்டு மாதக் குழந்தை. வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் தவித்துவிட்டு, அந்த அக்காவிடமே போய்ச் சொன்னேன்.

திட்டுவார் என்று பயந்தேன். சிரித்தார். "மாப்பிள்ள வீட்டுக்காரனே மாப்பிள்ள நல்லவன்னு சர்டிபிகேட் குடுக்கான், அல்லே? கொள்ளாம், நல்லாருக்கு!" படிவத்தை வாங்கித் தன் பெயரைக் கோடிட்டு அடித்தார். அப்புறம் சிரிக்காமல் கேட்டார்: "மத்த வீட்லயும் சொல்லுவியா, இல்ல என்ட்ட மட்டுமா?"

மறுநாளிலிருந்து ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் கம்பெனியின் பெயரைப் பேனாவால் எழுதி, அதையும் வாசித்தேன். பழைய வீடுகளுக்கும் திரும்பப் போனேன். சிலர் விலகினார்கள். பலர் தெரிந்தே கையெழுத்திட்டார்கள்.

ஆராய்ச்சியை நடத்திய மேடம் கூப்பிட்டார். "எத்திக்ஸ் கமிட்டி பாஸாக்கின படிவத்துல எழுத நீ யாரு? எல்லாக் கையெழுத்தும் அந்த வரி இல்லாம புதுசா வாங்கிட்டு வா, கேட்டோ" என்று மலையாளம் கலந்து அதட்டினார்.

அவர் சொன்ன விதி சரிதான். முதலில் அனுமதி கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் அந்த வரியில்லாமல் யாரிடமும் படிவத்தை நீட்டமாட்டேன் என்று சொன்னேன். சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

போன வாரம் வேறோர் இடத்தில் நேர்காணல். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றார்கள். குடும்பக் காரணம் என்று சொல்லச் சொல்லித்தான் கணவர் அனுப்பியிருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எதிரிலிருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னும் பதில் வரவில்லை. போனை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். வராவிட்டால், அடுத்த நேர்காணலிலும் இதையேதான் சொல்வேன்.