படகுக்குள் ஒரு கிணறு

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பிரேசர் டவுனில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில், காரை வீதிக்குத் துரத்திவிட்டு ஒரு பழைய பாய்மரப் படகை நிறுத்தியதற்கு வேறு காரணம் கிடையாது. கடலே இல்லாத ஊரில் படகு எதற்கு என்று லிஃப்டில் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்தேன்.

என் மனைவி கேட்டது வேறு. காற்று நின்றுபோனால் நடுத்தண்ணீரில் என்ன செய்வீர்கள் என்றாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தண்ணீர் என்றால் பயம். இஞ்சின் மாட்டினால் ஒரே ஒரு தடவை வருகிறேன், பிடிக்காவிட்டால் படகை விற்றுவிட வேண்டும் என்று பேச்சை முடித்துவிட்டாள். அவள் ஏறாத படகில் தனியாகச் சுற்ற எனக்கும் மனம் இல்லை. ஆக, எல்லாம் அந்த இஞ்சினை நம்பித்தான் இருந்தது.

படகின் பின்பக்கம் சுக்கான் இருப்பதால் அங்கே மாட்ட முடியாது. அதற்குச் சற்று முன்னால் அடிப்பலகையில் ஓட்டை போட்டு, சுற்றிலும் பெட்டி போலச் சுவர் எழுப்பி, இஞ்சினை அதற்குள் இறக்க வேண்டும். தண்ணீர் அந்தச் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். இதைக் கிணறு என்கிறார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து ஃபைபர் தொட்டி செய்கிறவரை அழைத்து வந்தேன். நல்ல படகில் ஓட்டை போடச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். அவர் ரம்பத்தை வைத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள். ஓட்டை வழியே பார்க்கிங் தரை தெரிந்தது. அங்கே தண்ணீர் தெரியுமா என்று கேட்டபோது முகம் வெளுத்திருந்தது. உடனே கிணற்றுக்கு இடுக்கில்லாமல் பொருந்துகிற ஒரு மூடி செய்யச் சொல்லி, மேலே மெத்தையும் தைத்தேன். இஞ்சினைக் கிளப்புகிற கயிறு மட்டும் பக்கச் சுவரின் சின்னத் துளை வழியே வெளியே வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இஞ்சினை டேங்கர் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. தண்ணீரை வீணாக்குகிறேன் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் திட்டினார்கள். ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தேன். கிணற்றுக்குள் வைத்து, மூடியும் போட்டு ஓட்டிப் பார்க்கப் படகு மிதக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊர் ஏரிகளில் சொந்தப் படகை யார் விடுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே படகு விட அனுமதிக்கும் ஓர் அணைக்குப் போனோம். நடுவில் போனதும் அவள் பயந்தபடியே காற்று நின்றது. கயிற்றை இழுத்தேன். இஞ்சின் கிளம்பியது, கொஞ்ச தூரம் ஓடியது, இருமியது, நின்றது. மறுபடி இழுத்தேன், மறுபடி நின்றது. பெட்ரோலைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன். அவள் மூடியின் மேல் கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள். படகு கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"சும்னே கயித்த இழுத்துட்டே இருக்காதீங்க," என்றாள் அவளுடைய பெங்களூர்த் தமிழில். "அடியில சுடுது. புகை நாத்தம் வேற. தொறந்து பாருங்க."

வேண்டாம், தண்ணீர் தெரியும் என்றேன். அவளே எழுந்து மூடியைத் தூக்கினாள். நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. பாவி இஞ்சின், விட்ட புகையையே திரும்ப இழுத்து மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது. புகை கலைந்ததும் கிணற்றுக்குள் பச்சைத் தண்ணீர் தளும்பியது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

இந்த முறை இஞ்சின் நிற்கவில்லை. கரை வரை அவள் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கரையைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் படகின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டுதான் இறங்கினாள். இனி விளம்பரம் கொடுத்து விற்க வேண்டியதுதான் என்று எண்ணியபடி படகை இழுத்துக் கட்டினேன்.

அவள் மூடியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"அடுத்த வாட்டி இத வீட்லயே வச்சுட்டு வாங்க."