பேர் போடாத படம்

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, அரசாங்கமே ஆள் வைத்து எழுதுவித்த சண்டைச் சரித்திரம் புத்தகமாக வந்தது. என் மருமகள் வேலை பார்க்கும் கந்தோருக்கும் ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அதை மஹய்யாவயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். செங்கல் கனம்.

"மாமி, இதுக்குள்ள நீங்க இருக்கீங்க."

எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பேன். அது முழுக்கச் சிங்களம். ஆனால் படத்துக்குப் படிப்பு எதற்கு? நான்தான். மாம்பழக் கலர் சேலை, கையில் பாற்சோற்றுத் தட்டு, வாயெல்லாம் பல். எதிரே ஒரு ஆமிக்காரன் கை நீட்டி வாங்குகிறான்.

சண்டை முடிந்த அன்று எடுத்தது. சந்தியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சிங்களக் கடை முதலாளி எங்கள் வாசலுக்கே வந்து, "அக்கே, ஒங்க கைப் பாற்சோறு இல்லாம எப்பிடி?" என்றார். மாட்டேன் என்றால் மனதில் வைத்துக்கொள்வார்களே என்ற பயம் பாதி. அத்தனை சிங்களப் பெண்கள் இருக்க என்னிடம் வந்தாரே என்ற மிதப்பு மீதி. தேங்காயின் முதற்பால் ஊற்றி, அடி பிடிக்காமல் கிளறி, துண்டு போடுகிற பதத்தில் இறக்கினேன். கேமராக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டு, "ஹரி ரசய் அம்மே," ருசி பிரமாதம் என்றார். படம் புத்தகத்தில் வரும் என்றும் சொன்னார். சமையல் புத்தகம் என்றே நினைத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

அன்றைக்கு என் தங்கச்சி வன்னியில். பல வருஷம் முன்னே நடந்த கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தபோது புருஷனோடு அங்கே ஓடிப்போனவள். உயிரோடு இருக்கிறாளா என்றுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். புருஷனும் இல்லை, மகனும் இல்லை.

புத்தகம் வந்த சாயங்காலம் அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மருமகள் படத்துக்குக் கீழே இருந்த வரியைத் தமிழில் சொன்னாள்: "பாற்சோறு கொடுத்து வெற்றியைக் கொண்டாடும் ஒரு தமிழ்த் தாய்."

"ஏன், என் பேரப் போடலயா?"

அதுதான் முதலில் என் வாயிலிருந்து வந்தது. தங்கச்சியை வைத்துக்கொண்டு. மருமகள் தலை குனிந்துகொண்டாள்.

தங்கச்சி கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பதமா வந்திருக்கு அக்கா. படத்துலயே தெரியுது."

அவள் திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வாய்க்கு நான் சளைத்தவள் இல்லை. அவள் திட்டவில்லை. புத்தகத்தை மூடி மருமகளிடம் கொடுத்தாள்.

கீரைக்குத் தேங்காய் துருவ வேண்டியிருந்தது. என் வீட்டில் அது என் வேலை, யாரையும் விட மாட்டேன். எழுந்தேன்.

"நீ உக்காரு, நான் துருவுறேன்," என்றாள் தங்கச்சி. "ஒரு தமிழ்த் தாய் எதுக்கு எந்திரிக்கணும்?"

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.