உத்தரணியில் மாட்டிய மீன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓட்டிவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரண்டு வேளையும் விளக்கேற்றிக் கும்பிடுகிற குடும்பஸ்தன் தூண்டிலைப் பற்றி எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம். இதில் கோயில் சாமான் ஒன்றும் வருகிறது. பூசாரி பொறுப்பில் இருக்கும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று என் மச்சான் கேட்டுக்கொண்டது இன்னொரு பக்கம். பூசாரி இப்போது மகன் வீட்டோடு கோயமுத்தூர் பக்கம் போய்விட்டார். போகும்போது என்னிடம், எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. நீலகிரியில் குந்தா பக்கத்தில் எங்கள் தோட்டத்து ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடும். சிறு விவசாயிகள் பச்சை இலையை எடுக்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிக் காம்பரா வீடுகளுக்குப் பூட்டு. ஆட்கள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிருந்தார்கள். கடல் மீன் லாரி முன்பெல்லாம் வாரம் தவறாமல் மேலே ஏறி வரும். வாங்க ஆளில்லாததால் அதுவும் நின்றுபோனது.

நான் ஃபாக்டரி ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். மெஷின் ஓடாத நாளில் கை சும்மா இருக்காது. கழித்துப்போட்ட தகரத்திலும் பழைய ஸ்பூனிலும் பொய் இரை செய்து, கீழே உள்ள அணையில் வீசிப் பார்ப்பேன். அணை வாட்சர் எங்கள் லயத்துக்காரர். கரையிலிருந்து பிடிக்க முறைப்படி சீட்டு கிழித்துத் தருவார். இப்போதும் யாரும் சீட்டில்லாமல் பிடிக்க வேண்டாம், அது முதல் புத்தி.

என் மனைவிக்கு முன்பு இரண்டு தடவை பிள்ளை தங்காமல் போயிருந்தது. மூன்றாவது உண்டானபோது, தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்தால் பழனிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு கார்த்திகையிலேயே மாலை போட்டேன். பிள்ளை தை மாதக் கடைசியில் என்று சொல்லியிருந்தார்கள். மார்கழி பாதியிலேயே பிறந்துவிட்டது.

பிள்ளை பிறந்த வீட்டில் தீட்டு. மாலை போட்டவன் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. மாலையைக் கழற்றினால் போகலாம், ஆனால் வேண்டுதல் பாதியில் அறுந்துவிடும். எந்தப் பிள்ளைக்காகப் போட்ட மாலையோ, அந்தப் பிள்ளையைப் பார்ப்பதற்காக அதைக் கழற்ற எனக்கு மனம் துணியவில்லை. தோட்டத்து முருகன் கோயிலை ஒட்டியிருந்த பஜனை மடத்தில் பாயைப் போட்டுக்கொண்டேன். பெண் பிள்ளை, நிறம் என்னைப் போல, கைவிரல் அம்மாவைப் போல என்று மச்சான் வந்து சொல்லித்தான் தெரியும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். கோயிலுக்குப் பொங்கல் கொடுக்கிற நாளில் மட்டும் வருவார். இப்போது தினமும் வந்தார், நல்ல சேதி கொண்டு வரவில்லை. பிள்ளை எடை குறைவு. தாய்க்குப் பால் சுரக்கவில்லை. டின் பால் கொடுத்தால் கக்கிவிடுகிறது. மீன் சாறு கொடுங்கள், பிள்ளையை மாரிலிருந்து எடுக்காதீர்கள் என்று டிஸ்பென்சரி நர்ஸம்மா சொல்லியிருந்தார். சாறு வைக்க மீனுக்கு எங்கே போவது? மார்கழிப் பனியில் அணையின் கெண்டை மீன் சேற்றோடு ஒட்டிக்கொண்டு, மாவு உருண்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குளிரில் ஓடியாடி இரை தேடுவது டிரவுட் ஒன்றுதான். அதற்கு மாவு ஆகாது. கண்ணுக்கு முன்னால் மினுக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மாலையோடு நான் கொக்கியைத் தொட மாட்டேன் என்பது மச்சானுக்குத் தெரியும்.

"சாமி கையால தொட வேணாம். வாயால சொல்லலாமுல்ல?" என்றார்.

பூசாரி அந்தப் பக்கம் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். வார நாட்களில் ஃபாக்டரியில் இலை நிறுக்கிறவர், சமவெளியிலிருந்து வந்தவர். தலை நிமிராமலே, "ஏனுங்க சாமி, புடிக்கிறது பாவம், புடிக்கச் சொல்லித் தர்றது மட்டும் புண்ணியமுங்களா?" என்று கேட்டார்.

ஆனாலும் சொன்னேன். மச்சானுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் உதவும்.

சாப்பாட்டு ஸ்பூனின் காம்பை வெட்டிவிட்டுக் குழிந்த பாகத்தை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை. துளையின் ஓரத்தை அரத்தால் மழுக்காவிட்டால் தூண்டில் நரம்பை அறுத்துவிடும். ஒரு துளையில் சின்னச் சாவி வளையம், அதில் கொக்கி. மூன்று முள் கொக்கி போட ஆசை வரும். வேண்டாம், பாசியில் மாட்டிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கொக்கி போதும். அதன் கழுத்தில் பழைய ஸ்வெட்டரிலிருந்து உருவிய சிவப்பு நூலைச் சுற்றினால் செவுள் போலத் தெரியும். மறு துளையில் ஸ்விவல் என்று கடையில் விற்கிற சுழல் வளையம். அதை விட்டுவிட்டால் நரம்பு முறுக்கேறிச் சிக்காகிவிடும். நைலான் நரம்பை சிலோனிலிருந்து திரும்பி வந்த எங்கள் ஆட்கள் தங்கூசி என்பார்கள். முடிச்சு போட்டதும் எச்சில் தொட்டு ஈரமாக்கித்தான் இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இழுத்தால் சூடேறி அந்த இடத்திலேயே அறும். பனிக் காலையில் தங்கூசி கம்பி போல விறைத்திருக்கும். அதைச் சுற்றி வைத்த டின்னை ஸ்வெட்டருக்குள் வைத்து வயிற்றுச் சூட்டில் கொண்டுபோக வேண்டும்.

இழுக்கிற வேகம்தான் எல்லாம். ஸ்பூன் இடமும் வலமும் ஆடி வர வேண்டும், பம்பரம் போலச் சுழலக் கூடாது. சுழன்றால் வளைவு அதிகம் என்று அர்த்தம். கல்லில் வைத்துத் தட்டிக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும்.

மச்சான் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாள் வெறுங்கையோடுதான் வந்தார். வீட்டு ஸ்பூன்கள் எல்லாம் எவர்சில்வர். லேசான தகடு. வீசினால் காற்றில் தாளைப் போலப் பறந்து பக்கத்திலேயே விழுகிறது. ஸ்பூனெல்லாம் காணாமல் போகிறது என்று அவருடைய அம்மா, அதாவது என் மாமியார், சண்டை பிடிக்கிறாராம். "அம்மா இப்ப கையாலதான் சீனி அள்ளுது" என்றார்.

எவர்சில்வர் சரிப்படாது, கனமும் இல்லை, வளையவும் செய்யாது, செம்பு கிடைத்தால் நல்லது என்று நான் சொன்னேன். செம்பு கனம், மெதுவாகத் தட்டினாலும் சொன்னபடி கேட்கும், பழுப்புத் தண்ணீரில் அதன் மினுக்கு அடங்கித் தெரியும். அவர் சந்நிதிப் பக்கம் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பூசாரி தீர்த்தப் பாத்திரத்தைத் திறந்தார், உத்தரணி இல்லை. தீர்த்தம் கொடுக்கிற சின்னச் செம்புக் கரண்டிதான் உத்தரணி. எலி இழுத்திருக்குமோ என்று பீடத்துக்குக் கீழே விளக்கை நீட்டித் தேடினார். நானும் தேடினேன். அந்த நேரத்தில் கீழே குழாயடியிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். மீனோடு கோயில் படியேறக் கூடாது என்பதால் அங்கேயே நின்றிருந்தார். முழங்கை நீளத்துக்கு நல்ல டிரவுட். அதன் வாயோரத்தில் செம்பு பளபளத்தது. காம்பு வெட்டி, இரு முனையும் துளைத்திருந்தாலும் பூசாரிக்குத் தன் உத்தரணி தெரியாமல் போகுமா?

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சுதான் எடுத்தியாப்பா?"

"தெரிஞ்சுதாங்க. திருப்பி வெச்சுரலாமுன்னு நெனச்சேன். ஓட்ட போட்டப்பறந்தான் வெக்க முடியாதுன்னு புரிஞ்சுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் மீனை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார், மீன் கையிலேயே இருந்தது. எப்படிப் பிடித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மாமியார் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். சாமி கரண்டியில் பிடித்த மீனைப் பச்சை உடம்புக்காரிக்குக் கொடுத்து, தோஷம் பிள்ளையைப் பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டாராம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

பூசாரி படியிலிருந்து எழுந்து, "பூக் கேட்டுப் பாத்தர்லாமுங்க" என்றார்.

அது அவர்கள் ஊர் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி பொட்டலம் கட்டி சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளையிடம் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, சமைக்கலாம். சிவப்பு வந்தால் மீன் தண்ணீருக்கே போக வேண்டும். நான் சரி என்றேன். பூசாரி பொட்டலங்களைக் கட்டி, இடம் மாற்றிக் குலுக்கி வைத்தார். பூவெடுக்க ஒரு பிள்ளையைக் கூட்டி வர மச்சான் மறுபடி லயத்துக்குப் போனார்.

பனி வெயிலில் கரைந்து ஓட்டிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்தது. குழாயடி வாளியில் மீன் கிடந்தது. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளை வர வேண்டும் என்று கேட்டேனா, நடப்பது நடக்கட்டும் என்று கேட்டேனா, இப்போது நினைவில்லை.

மச்சான் தனியாகத்தான் திரும்பி வந்தார். குழாயடியிலேயே நின்றுகொண்டார்.

"தங்கச்சி விட மாட்டேங்குது. செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாத்தையும் கேட்டுருச்சு" என்றார். பிறகு அவள் சொன்னதை அப்படியே சொன்னார். "'பூவெடுக்க ஆள் தேடாத. செவப்பு வந்தா மீன தண்ணியில விட்டுருவீங்க. எம்புள்ளைய எங்க விடுவீங்க? கேக்க வேண்டியத அவரு எப்பவோ கேட்டுட்டாரு, சாமியும் குடுத்துருச்சு. மீன அனுப்பச் சொல்லு, அம்மா ஆக்காட்டி நானே எந்திரிச்சு ஆக்குறேன்.'"

என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சாமி காரியத்தில் நான் சொன்னதற்கு மறு பேச்சுப் பேசியதில்லை. நான் பூசாரியைப் பார்த்தேன். அவர் சந்நிதிக்குள் போனார். இரண்டு பொட்டலத்தையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பிரிக்கவில்லை. பின்னால் ஓடுகிற ஓடையில் அப்படியே விட்டார்.

"பெத்தவ சொல்லியாச்சுங்க. இனி நாம கேக்கப் படாது" என்றார். மச்சானிடம், "எடுத்துட்டுப் போப்பா, வெயிலேறுனா கெட்டுப் போயிரும்" என்றார்.

மாமியார் கடைசியில் அவரே அடுப்பு மூட்டினார். மஞ்சளும் வெந்தயமும் பச்சை மிளகாயும் போட்டு, அரை மூடித் தேங்காயில் பால் எடுத்து, சிலோன் பழக்கப்படி சொதி வைத்தாராம். என் மனைவி இரண்டு கிண்ணம் குடித்தாளாம்.

துளை போட்ட உத்தரணியைப் பூசாரி மஞ்சள் தண்ணீரில் கழுவி ஓடைக்குக் கொடுத்துவிட்டார். சேதமான பூஜைச் சாமானை அப்படித்தான் செய்ய வேண்டும். மச்சான் அந்த வருஷத் திருவிழாவுக்குள் புது உத்தரணி வாங்கி வைத்தார். பூசாரி அதைத் தீர்த்தப் பாத்திரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். அதன்பின் மீன் பிடிக்க, ஃபாக்டரியில் கழித்துப்போட்ட செம்புக் குழாயில் ஒரு துண்டை, அங்கே பொறுப்பிலிருந்த டீமேக்கரிடம் கேட்டு வாங்கினோம். குழாயை நீளவாட்டில் பிளந்து தட்டினால் அருமையான ஸ்பூன் வரும். குழாயின் வளைவே போதும், மேற்கொண்டு வளைக்க வேண்டியதில்லை. மச்சான் அதில் இன்னும் சில மீன் பிடித்தார். பிடிக்காமலும் வந்தார்.

பால் ஒரே நாளில் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மீனால் வந்ததா, பிள்ளை உறிஞ்சப் பழகியதால் வந்ததா என்று நர்ஸம்மாவால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்றார். தைப்பூசத்துக்கு நடந்துபோய், மாலை கழற்றித் திரும்பி வந்து, அன்றுதான் என் மகளைக் கையில் வாங்கினேன். எடை கூடியிருந்தாள். கைவிரல் மச்சான் சொன்னது போல இல்லை, என் விரல்தான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரிடமாவது சொன்னால் எழுதியிருப்பதை எழுதியபடியே சொல்லுங்கள். லயத்தில் இது வேறு மாதிரி ஆகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தார்களாம், வெள்ளைப் பூ வந்ததாம், அதனால்தான் பிள்ளை பிழைத்ததாம். பொய் இரையைக் கொண்டுவந்து சந்நிதிப் படியில் தேய்த்துவிட்டு அணைக்குப் போகிறவர்கள்கூட இருக்கிறார்கள். அது மீனுக்குத் தெரியாது. அரம் போட்டுக் கொக்கியைக் கூராக்கிக்கொண்டு போனால் அதைவிட உபயோகம்.

பூவை யாரும் எடுக்கவில்லை. எந்தப் பொட்டலத்தில் எது இருந்தது என்று கட்டிய பூசாரிக்கே தெரியாது. வெள்ளை வந்தது என்று நீங்களும் சொல்லிவிட்டால், அன்றைக்கு என் மனைவி சொன்ன சொல் நடுவிலிருந்து காணாமல் போய்விடும். அதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். முருகன் துணை.