பழப்புளியில் ஊறிய நாற்பது கோதுகள்

துவக்குச் சுடும் இடத்தில் எனக்குப் பிடித்தது, காதுக்கு மூடி போட்ட பிறகு யாரும் யாரோடும் கதைக்காததுதான். நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் அந்த இடம் வரும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போகிறேன். நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும் தாளில் ஐந்து ஓட்டைகளையும் ஒரே இடத்தில் விழுத்தப் பார்ப்பேன், அவ்வளவுதான். வேட்டைக்குப் போவதில்லை. வேலையில் என் மேசையில் இருந்த ஒரு பெண் ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். பிறகு வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தேன்.

ஐம்பது வயதை நெருங்குகிற, பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்ட, நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிற ஒருத்திக்கு இது என்ன பொழுதுபோக்கு என்று சனம் கேட்கும். அதனால் சனத்துக்குச் சொல்வதில்லை. வீட்டில் என் கணவர் மட்டும் பகிடி விடுவார்.

"இனி நான் கறிக்கு உப்புக் காணாது எண்டு வாய் திறக்கேலாது" என்பார். "கீழ பேஸ்மென்றில துவக்கெல்லோ கிடக்குது."

"அது பூட்டின பெட்டிக்குள்ள கிடக்குது. நீங்கள் தாராளமாச் சொல்லலாம்."

கடையில் வாங்கும் தோட்டாவை ஒருமுறை சுட்டால் முனையில் இருக்கும் சன்னம் பறந்துவிடும், உள்ளே இருக்கும் வெடிமருந்து எரிந்துவிடும். பித்தளைக் கோது மட்டும் கையில் மிஞ்சும். அதற்குப் புதிதாக மருந்தும் சன்னமும் போட்டு மறுபடி சுடலாம். நல்ல கோது என்றால் ஏழெட்டுத் தடவை தாங்கும். மற்ற எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிது; கோது மட்டும்தான் பழசு. அதனால் கோதைத் தெரிந்தெடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

அந்த வேலை எனக்குக் கைவந்ததற்குக் காரணம் என் தொழில். பதினேழு வருடமாகத் தண்ணீர்க் குழாய்களுக்கான பித்தளைப் பொருத்துகள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். என் மேசைக்கு வருவதைத் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும் கூடாததைச் சிவப்புப் பெட்டியிலும் போடவேண்டும். கோதுகளையும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் கம்பனி எழுத்தைப் பார்த்து இனம் பிரிப்பேன். ஒரு கம்பனியின் கோது தடிப்பு, இன்னொன்றுடையது மெல்லிசு. கலந்துவிட்டால் தாளில் ஓட்டைகள் சிதறும். பிறகு வாயில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பேன். அடியிலிருந்து அரை விரல் உயரத்தில் மினுங்குகிற வளையம் ஒன்று தெரிந்தால் அந்தக் கோது உள்ளே தேய்ந்துவிட்டது, அடுத்த வெடியில் இரண்டாகப் பிரியலாம். கம்பி ஒன்றின் நுனியை வளைத்து உள்ளே விட்டு வருடினால் அந்தப் பள்ளம் தட்டுப்படும். கழுத்துப் பக்கத்தில் நீலம் பாரித்தாற்போல் ஒரு கறை இருக்கும். தெரியாதவர்கள் அதை ஊத்தை என்று நினைப்பார்கள். அது கம்பனியில் கழுத்தைச் சூடுகாட்டி இளக்கிய அடையாளம். புதுக் கோதில் அது இருந்தால் எனக்குச் சந்தோசம்.

சுடும் இடத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். நகரத்தில் மோர்னிங்சைட் பக்கம் இருக்கும் ஓர் அண்ணை. அறுபது தாண்டியவர், நல்ல மனுசர், ஆனால் வாய் ஓயாது. ஒவ்வொரு நவம்பரும் இரண்டு கூட்டாளிகளோடு வடக்கே மான் வேட்டைக்குப் போவார். நிலத்தில் கிடக்கும் கோதையெல்லாம், யார் சுட்டது எத்தனை தரம் சுட்டது என்று பாராமல், பொறுக்கிப் பையில் போடுவார். "எல்லாம் பித்தளைதானே" என்பார். அவருடைய தாளைப் பார்த்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் என் தாளை எட்டிப் பார்த்தவர், "தங்கச்சி, உம்மட கோதிலதான் ஏதோ விசயம் இருக்கு. எனக்கும் ஒரு நாற்பது தெரிஞ்செடுத்துத் தாருமன். இந்த முறை மான் தப்பக்கூடாது" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மல்வேர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும், ஒரே கம்பனி, ஒரே ஒரு தடவை சுட்டவை என்று பார்த்துப் பார்த்து, நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு கூடவே எடுத்தேன். அவை கரி பிடித்துக் கறுத்திருந்தன. கொடுப்பதை மினுக்கிக் கொடுக்க வேண்டும் என்று மனம் சொன்னது.

அன்று வெள்ளிக்கிழமை. சாமி அறைக் குத்துவிளக்கைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் பித்தளைதான், அதுவும் பித்தளைதான். மிச்சப் புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, உப்பையும் போட்டு, கோதுகளை அதற்குள் அமிழ்த்திவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எடுப்பதுதான் எண்ணம். அதற்குள் வேலையிலிருந்து ரெலிபோன் கோல் வந்தது. சனியும் ஞாயிறும் ஓவர்ரைம். பேசினில் ஊறியவை நினைவுக்கு வந்தது ஞாயிறு பின்னேரம்தான்.

அவசரமாக அலசி, சோளக்கட்டைத் தூளோடு சுழற்றி மினுக்கும் மெஷினில் கொட்டி, பொலிஷும் விட்டேன். வெளியே எடுத்தபோது தங்கம் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் வாயையும் பார்த்தேன், வளையம் பார்த்தேன், கம்பி விட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுடும் இடத்தில் நாற்பதையும் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். அண்ணை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "உது கலியாண வீட்டுக்கு வைக்கலாம்" என்றார்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குக் கீழே போன காலுறையைத் தடியால் இழுத்தபோது, அதோடு இரண்டு கோதுகளும் உருண்டு வந்தன. அலசும்போது தவறி விழுந்தவை. அதே புளியில் அதே அளவு நேரம் ஊறியவை, மினுக்கும் மெஷினில் மட்டும் போடாதவை. இரண்டும் மஞ்சளாக இல்லை. பிங்க் நிறமாக இருந்தன, சமன் மீனின் சதைபோல.

என் மேசையில் ஒட்டியிருக்கும் முதல் சட்டமே அதுதான்: பித்தளை பிங்க் ஆனால் சிவப்புப் பெட்டி. பித்தளை என்பது செம்பும், நாகம் எனப்படும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பு நாகத்தைத் தின்றுவிட்டால் செம்பின் நிறம் மேலே வரும், உலோகம் பலமிழந்துவிடும். மேல்பூச்சாகச் செம்பு படிந்தாலும் அதே நிறம்தான். எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் சட்டம். பதினேழு வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் பொலிஷ் அந்த நிறத்தைத் துடைத்து மறைத்துவிட்டது. கீழே உருண்டுபோன இரண்டும்தான் உண்மையைச் சொல்லின.

ஒரு கோதைக் குறட்டில் பிடித்து வாயை நசுக்கினேன். நல்ல கோது என்றால் மடங்கும். இது முறுக்குப்போல் வெடித்து நொறுங்கியது.

தோட்டா வெடிக்கும்போது அந்தக் கோதுதான் நெருப்பை முன்பக்கம் தள்ளிப் பின்பக்கம் வராமல் அடைத்து நிற்கிறது. அது பிளந்தால் நெருப்புக் காற்று சுடுகிறவரின் முகத்துக்குத் திரும்பலாம். அண்ணை சனிக்கிழமை காலை வடக்கே போகிறார்.

"கோல் எடுத்துச் சொல்லுமன்" என்றார் கணவர்.

"அவர் கதைக்க விடமாட்டார். நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவன்."

"அப்ப நான் சொல்லட்டே?"

"வேண்டாம். நான்தான் பழுதாக்கினனான்."

வியாழன் கார் கணவரிடம் இருந்ததால், வேலை முடிந்து பஸ்ஸில் அண்ணை வீட்டுக்குப் போனேன். மடியில் ஒரு பிங்க் கோதும், நசுக்கி வெடித்ததும், குறடும். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு தரிப்பிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கதவைத் திறந்த அண்ணை, "என்ன தங்கச்சி, இந்தக் குளிருக்க பஸ்ஸிலயோ? சொல்லியிருந்தா நான் வந்து ஏத்தியிருப்பனே" என்று சொல்லியபடி இருத்திவிட்டு, முந்தின வருடம் தப்பிய மானைப் பற்றித் தொடங்கினார். அது எந்த மரத்துக்குப் பின்னால் நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, கூட்டாளி எப்போது இருமினான். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடித்தேன். மான் இன்னும் மரத்துக்குப் பின்னால்தான் நின்றது.

வாய் வராது என்று தெரிந்தது. இரண்டு கோதுகளையும் எடுத்து வெறுங்கோப்பை இருந்த பீரிசுத் தட்டில் வைத்தேன்.

அண்ணை நிறுத்தினார். "உதென்ன?"

"நான் உங்களுக்குத் தந்ததில மிஞ்சினது. புளியில கனநேரம் ஊறவிட்டிட்டன். பித்தளை செத்துப்போச்சு. நாற்பதையும் திருப்பித் தாங்கோ அண்ணை."

"விசர்க்கதை. உம்மட கோது பளபளவெண்டு கிடக்குது. மருந்தும் போட்டு முடிச்சிட்டன். நீர் சரியான பயந்தாங்கொள்ளி."

முழுசாய் இருந்த கோதைக் குறட்டில் பிடித்து, அவர் கண்ணுக்கு முன்னால் நசுக்கினேன். வெடித்த துண்டு ஒன்று மேசை விரிப்பில் விழுந்தது.

அவருடைய மனைவிதான் முதலில் வாய் திறந்தார். "இஞ்சேருங்கோ, அதை எடுத்துக் குடுங்கோ."

அண்ணை எழும்பி உள்ளே போனார். தோட்டாப் பெட்டியோடு வந்தார். எண்ணினேன். முப்பத்தெட்டு.

"இன்னும் ரெண்டு அண்ணை?"

அவர் கதவில் தொங்கிய ஜக்கெற்றுக்குள் கையை விட்டு இரண்டு வெறுங்கோதுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று முழுசு. மற்றதன் கழுத்திலிருந்து தோள்வரை ஒரு கறுத்த வெடிப்பு.

"போன ஞாயிறு சுட்டுப் பாத்தனான்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கன்னத்தில சுள்ளெண்டு ஒண்டு பட்டது. கண்ணாடி போட்டிருந்தபடியால் பறவாயில்லை. நான் நினைச்சன், மருந்தை நான்தான் கூடப் போட்டிட்டனெண்டு. கூட்டாளியளுக்குச் சொன்னால் என்னை இனி வேட்டைக்குச் சேர்ப்பாங்களே? அதுதான் மருந்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுக்கொண்டு போவமெண்டு இருந்தனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அவருடைய மனைவி கேட்டார். அவர் வெடித்த கோதை விரலால் மேசையில் உருட்டினார்.

"மருந்தில பிழையில்லை அண்ணை" என்றேன். "பிழை என்ர."

வீட்டுக்கு அவரே காரில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் றேடியோதான் பாடியது. அடுத்த சில நாட்களில் முப்பத்தெட்டுத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றிய ஒவ்வொரு கோதையும் குறட்டால் நசுக்கினேன், இன்னொருவர் பொறுக்கிப் பாவிக்கக் கூடாதென்று. எல்லாம் வெடிக்கவில்லை. பதினொன்று நன்றாகவே மடங்கின. அவற்றையும் எறிந்தேன்.

அண்ணை கடைத் தோட்டாவோடு போய் வந்தார். மான் கிடைக்கவில்லை. கடைத் தோட்டாதான் காரணம் என்று சொல்லித் திரிகிறாராம். இப்போது நான் கோதுகளைச் சுடுதண்ணீரிலும் ஒரு துளி சவர்க்காரத்திலும் மட்டும் கழுவுகிறேன். கழுத்தின் நீலக் கறை அப்படியே இருக்கிறது. அவ்வளவு மினுக்கம் இல்லை. பழப்புளி விளக்குக்கு மட்டும்.

போன மாதம் சுடும் இடத்தில் நான் மேசையில் குனிந்திருந்தபோது, அண்ணை பக்கத்து மேசையிலிருந்து நிலத்தில் கிடந்த கோது ஒன்றைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். என் மேசையிலிருந்தே அடியில் மினுங்குகிற வளையம் தெரிந்தது.

"வேண்டாம் அண்ணை, எறியுங்கோ" என்றேன். மூடியைக் கழற்றிவிட்டு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். அவர் இன்னும் காதுக்கு மூடி போட்டிருந்தார், கேட்கவில்லை. நான் எழும்பிப் போய், அவர் கையிலிருந்து அதை வாங்கி எறிந்துவிட்டு வந்தேன்.