கறுப்பு வெள்ளை போன்

காரமடைப் பக்கம் பொற்கொடியின் சொந்தத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், சேதி முதலில் அவள் போனுக்குத்தான் வரும். தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் நர்ஸுக்குப் படித்த முதல் ஆள் அவள். மேட்டுப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கால் வீக்கம், முதுகுக் கொப்பளம், மாத்திரை அட்டை என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அவள் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லைங்க, பயப்படாதீங்க" என்றால் பாதி நோய் அங்கேயே போய்விடும். டாக்டரே சொன்னாலும், "எதுக்கும் நம்ம பொற்கொடிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமுங்க" என்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் போனில் சொந்தக்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? சேலை மடிப்பு, கோழி வறுவல், எவர் வீட்டு மாமியார் சண்டையோ, ஒன்று முடிந்தால் ஒன்று. ஒருநாள் வார்டில் ரீல்ஸ் பார்த்தபடி நின்றதில், ஒரு பெரியவரின் டிரிப் பாட்டில் தீர்ந்து ரத்தம் குழாயில் ஏறிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மகள்தான், "உங்கள நம்பித்தானுங்க சாப்பிடப் போனேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொற்கொடிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கூட வேலை செய்யும் சைதன்யா அன்றே அவள் போனை வாங்கி வைத்தியம் பார்த்தாள். ரீல்ஸுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நேரம், தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும். எதைத் தொட்டாலும் 'இது இப்போது அவசியமா?' என்று கேட்கிற ஒரு ஆப் வேறு. கடைசியாகச் செட்டிங்கில் எங்கேயோ நுழைந்து கலரையே எடுத்துவிட்டாள்.

"கலர் இருந்தாத்தானுங்க்கா கை அங்க போகும். இனி பாருங்க, நீங்களே போனத் தேட மாட்டீங்க."

அப்படியேதான் ஆயிற்று. பட்டுச்சேலையும் சாம்பல், கோழி வறுவலும் சாம்பல் என்றால் யாருக்குப் பார்க்கத் தோன்றும்? பார்த்தோமா வைத்தோமா என்று இருக்கப் பழகிவிட்டாள். புருஷன் கௌதமன், "என்ன, சாமியாராப் போயிட்டயா?" என்று கேலி செய்தான். நாளாக நாளாக அந்தச் சாம்பலுக்குக் கண் பழகி, போனில் கலர் இல்லை என்பதையே மறந்துபோனாள்.

இந்த நேரத்தில்தான் தங்கை இளவேனிலுக்குத் தலைப்பிரசவம். அம்மா இல்லை. தாய்வீடு என்று வந்து படுக்க அக்கா வீடுதான். வார்டில் ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்காது என்று சொல்லி, பவானியில் புருஷன் வீட்டிலேயே இருக்க வைத்தாள் பொற்கொடி. பெண் குழந்தை பிறந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். அன்றே பஸ் ஏறினாள்.

"தெனமும் போட்டோ அனுப்பு கண்ணு. நான் போன்ல பார்த்துக்கறேன்."

ஐந்தாம் நாள் காலையில், வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது போட்டோ வந்தது. வாசல் வெளிச்சத்தில் கால் நீட்டித் தூங்கும் குழந்தை. கூடவே இளவேனிலின் குரல்: "அக்கா, பாப்பா பால் குடிக்க மாட்டேங்குதுங்க. தூங்கியே கெடக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க்கா, ஒருக்கா வந்துட்டுப் போங்க."

பொற்கொடி பார்த்தாள். அமைதியான முகம். "பொறந்த கொழந்தைக தூங்கத்தான் செய்யும் அம்மணி. ஒண்ணுமில்ல, எழுப்பி எழுப்பிப் பால் குடு" என்று பதில் சொல்லிவிட்டு, போனைச் சட்டென்று பைக்குள் போட்டாள். இப்படிச் சட்டென்று வைக்க முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷம்கூட.

சாயங்காலம் வீட்டில் கௌதமன் குடும்பக் குரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏம்புள்ள, கொழந்தையக் குளிப்பாட்ட இத்தன மஞ்சளா பூசுவாங்க?" என்று போனை நீட்டினான்.

அதே போட்டோ. முகம் மஞ்சள், வயிறு மஞ்சள், நீட்டிய உள்ளங்கால் வரை மஞ்சள். பூசுகிற மஞ்சளில் உள்ளங்கால் அப்படி ஆகாது. உடனே பவானிக்குப் போன் போட்டாள். "இப்பவே ஈரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடுங்க. எதுவும் கேக்காதீங்க."

அங்கேயும் எல்லோரும் குளிப்பாட்டின மஞ்சள் என்றுதான் நினைத்திருந்தார்கள். நர்ஸ் அக்காவும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்ட பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

பொற்கொடி ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள், குழந்தையைக் கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டிருந்தார்கள். மஞ்சள் காமாலை தலைக்கு ஏறுகிற அளவுக்குப் போயிருந்தது. மறுநாள் டாக்டர், உயிருக்குப் பயமில்லை என்றார். இந்தக் காமாலை காதையும் பாதிக்கலாம் என்பதால், காது நன்றாகக் கேட்கிறதா என்பது மட்டும் மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும் என்றார்.

இளவேனிலின் மாமியார் பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போட்டோவப் பார்த்தே கண்டுபுடிச்சுப்போட்டீங்களே. உங்களாலதானுங்க எங்க கொழந்த பொழச்சுது." ஒவ்வொரு வார்த்தையும் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பொறுக்க முடியாமல் தங்கையைத் தனியாகக் கூட்டிப்போய், டிரிப் பாட்டிலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நம்பமாட்டாளோ என்று போனையும் அவள் கையில் கொடுத்தாள். அந்தப் போட்டோ சாம்பலாக இருந்தது. செட்டிங்கைத் தேடிப் பிடித்துத் தட்டினாள். இளவேனிலின் கையிலேயே குழந்தை மஞ்சளாக மாறியது.

"இதனாலதான் கண்ணு எனக்குத் தெரியாமப் போச்சு" என்று அழுதாள் பொற்கொடி.

இளவேனில் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். கோபப்படவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன்ல பாருங்கன்னு நான் சொல்லலைங்க்கா. வாங்கன்னுதான சொன்னேன்."